வயிற்றுக்குள் ஐஸ் இருந்த வான்கோழி

அன்று மதியம் அந்த வீட்டின் பின்முற்றத்தில் நின்றவர்கள்: அருள்நாதன் அண்ணை, அவருடைய மனைவி மெற்றில்டா அக்கா, கிறிஸ்மஸுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த அக்காவின் தம்பி ஜெறோம், எண்ணெய்ச் சட்டிக்குப் பொறுப்பாக நான். நிற்காதவர், வீடு வீடாகப் போய் முழு வான்கோழி பொரித்துக் கொடுக்கும் எங்கள் தொழிலின் முதலாளி. அவர் அன்று ரொறன்ரோவில், மார்கழி என்றும் பாராமல் லீவு நாளில் வைத்த ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். தேவையில்லாத ஒருவர் ரொறன்ரோவிலிருந்து வர, தேவையான ஒருவர் அங்கே போயிருந்த நாள் அது. கீழ்வீட்டுச் சமையலறை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்த வீட்டுச் சொந்தக்காரி மடாம் கார்மேலாவை நின்றவர்கள் பக்கம் சேர்ப்பதா, நிற்காதவர் பக்கம் சேர்ப்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

தம்பிமாரே, இந்த மாதத்தோடு நான் ஓய்வு பெறுகிறேன். இருபத்தெட்டு வயதில் என்ன ஓய்வு என்று சிரிக்காதீர்கள். மொன்றியல் டிசம்பரில் மற்றவர்கள் வீட்டு முற்றத்தில் நின்று, முதுகு உறைய முகம் வேக எண்ணெய் காய்ச்சியவனைக் கேட்டுப் பாருங்கள், இதன் பெயர் என்ன என்று. இனிமேல் எனக்கு டோர்வல் விமான நிலையத்தில் வேலை. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் சமைத்ததன் சூட்டை அளந்து பார்க்க வேண்டும். அம்மாவுக்கு இப்போதுதான் மூச்சு வந்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் ஒழுங்காகக் கால் வைத்த முதல் ஆள் நான். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ கல்லூரிக்குத் தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் உணவுத் துறை படித்தேன். படித்து முடித்துவிட்டு நான் வான்கோழி பொரிக்கப் போனதை அம்மா யாரிடமும் சொல்லவில்லை. யாராவது கேட்டால், "அவன் எண்ணெய்க் கொம்பனியிலை" என்பார். கேட்டவர்கள் பெற்றோல் என்று நினைத்துக்கொள்வார்கள்.

புதிதாக வந்த உங்களுக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போ என்று முதலாளி கேட்டார். எத்தனை கிலோ கோழிக்கு எவ்வளவு எண்ணெய், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் எங்கள் வான் வண்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அது போதும். நான் சொல்ல வருவது அந்தத் தாளில் இல்லாத விஷயம்.

அருள்நாதன் அண்ணை டோர்வலில் விமானத்துக்குள் துப்புரவு வேலை செய்பவர். சென்ட் லோரன்டில் ஒரு இரண்டு மாடி வீட்டின் மேல்மாடியில் ஒன்பது வருடமாக வாடகைக்கு இருந்தார். பெண்பிள்ளைகள் இரண்டு பேருடைய பள்ளிக்கூடம் அடுத்த தெரு. தேவாலயம் அதற்கு அடுத்த தெரு. வேலைக்குப் போகும் பஸ் வாசலில் நிற்கும். வாடகையோ, மற்றவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத அளவு குறைவு. அப்படி ஒரு வீட்டில் இருப்பவனுக்குப் பயம் இல்லாமல் இருக்குமா? அந்த மார்கழித் தொடக்கத்தில் மடாம் கார்மேலா மாடிப்படியில் மறித்து, "என் மகனுக்கு மேல்வீடு தேவைப்படும் போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டார்.

இந்த ஊர்ச் சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒப்பந்தம் ஜூன் முப்பதாம் திகதியோடு முடியும். வீட்டுக்காரர் தன் பிள்ளைக்காக வீட்டைத் திரும்பக் கேட்பதென்றால் ஆறு மாதம் முன்னதாக எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆகவே அந்தக் கடிதம் வருவதானால் ஆண்டு முடிவதற்குள் வந்துவிடும். அருள்நாதன் அண்ணை தபால்காரனைக் கண்டாலே கழிப்பறைக்குள் போய் இருந்துகொண்டாராம்.

மகன் என்பது சாட்டு, உண்மைக் காரணம் எங்கள் சமையல் வாசம் என்று அவர்கள் குடும்பமாகத் தீர்மானித்திருந்தார்கள். மடாம் மாடிப்படியில் எப்போது கண்டாலும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பார். அதைவிட வேறென்ன சான்று? அதனால் ஒன்பது வருடமாக, ஜனவரியிலும், ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் மீன் பொரித்தார்கள். இப்போது கடைசி முயற்சியாக மடாமையும் மகனையும் ஞாயிறு பூசை முடிந்ததும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மிளகாய் இல்லை, சரக்குத்தூள் இல்லை, முழு வான்கோழி, வெள்ளைக்கார முறை. மேல்வீட்டில் இறைச்சி வாட்டும் அவண் அடுப்பு வேலை செய்யாது. அதனால் எண்ணெயில் பொரிப்பது என்று முடிவானது. அந்த யோசனை ஜெறோமுடையது. அப்படித்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

கிறிஸ்மஸுக்கு முன்பே நான் மெற்றில்டா அக்காவுக்கு ரெலிபோனில் எல்லாம் சொன்னேன்.

"அக்கா, உறைஞ்ச கோழியைப் பிறிஜ்ஜுக்குள்ளை வைச்சு முழுக்க இளக விடுங்கோ. கழுவ வேண்டாம். தோலை நல்லாத் துடைச்சுக் காய விடுங்கோ."

"ஓம் தம்பி."

"எண்ணெயிலை தண்ணி பட்டால் ஆபத்து."

"ஓம் தம்பி, ஓம் தம்பி."

இந்த "ஓம் தம்பி"யை நீங்கள் நிறையக் கேட்கப் போகிறீர்கள். "நீ சொன்னது காதில் விழுந்தது" என்பதுதான் அதன் பொருள். அப்படியே செய்வேன் என்று யாரும் அங்கே வாக்குக் கொடுக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது ஜெறோம் எனக்காகக் காத்திருக்கவில்லை. புத்தம் புதிய செம்மஞ்சள் குளிர் ஜக்கெற் போட்டுக்கொண்டு, இரவல் வாங்கிய ஒரு காஸ் அடுப்பை மேல்மாடிப் பின்பல்கனியில் பூட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சை நல்ல காத்தோட்டம், தம்பி. சட்டியை மேலை கொண்டு வாரும்."

"அண்ணை, இது மரப் பல்கனி. மேலை கூரை மரம். இறங்கி ஓடுற படியும் மரம்."

"நீர் என்ன, வீடு விக்கவோ வந்தனீர்?"

"இல்லை அண்ணை. வீடு நிக்கவேணும் எண்டு வந்தனான்."

அருள்நாதன் அண்ணை நடுவில் வந்து, மச்சானைச் சமாதானப்படுத்திக் கீழே இறக்கினார். வீட்டுக்கும் கராஜுக்கும் எட்டத்தில், மடாமின் மகன் கார் விடும் சீமெந்துத் தரையில் இடம் எடுத்தோம். மூலையில் பழைய கம்பளமும் சாக்கும் சுற்றி, தலையில் ஒரு வாளி கவிழ்த்து ஏதோ நின்றது. "இந்தக் குப்பையை முதல்லை எறிவம்" என்று ஜெறோம் அதைக் கட்டிப்பிடித்து ஆட்டினார். ஜன்னல் கண்ணாடி படபடவென்று தட்டப்பட்டது. திரைக்கு நடுவில் ஒரு விரல் நீண்டு இடமும் வலமும் ஆடியது. அது மடாமின் அத்தி மரம். இத்தாலிக்காரர்கள் அதைக் குளிருக்குப் போர்த்தி வைப்பார்கள். ஜெறோம் மரத்திடம் மன்னிப்புக் கேட்பதுபோல வாளியை நேராக்கி வைத்துவிட்டு வந்தார்.

அடுப்பை மூட்டினேன். குளிரில் எண்ணெய் சூடாக நேரமெடுக்கும் என்பதால், முதலில் எண்ணெய், பிறகு கோழி என்பதுதான் அப்போது எங்கள் ஒழுங்கு. இப்போது நாங்கள் அதைத் தலைகீழாக மாற்றிவிட்டோம். ஏன் என்று இனிச் சொல்கிறேன்.

எண்ணெய் பதத்துக்கு வந்ததும் கோழியைக் கொண்டுவரச் சொன்னேன். புருஷனும் பெண்சாதியும் தட்டை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, தேவாலயத் திருநாளில் மாதா சுரூபம் இறக்குவதுபோல், ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். வான்கோழி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தது. தோல் அழகாகக் காய்ந்திருந்தது. தொட்டேன், மெத்தென்று இருந்தது. என் வேலைக்காலத்தில் அவ்வளவு லட்சணமான கோழியை நான் கண்டதில்லை.

கையுறையைக் கழற்றிவிட்டு வயிற்றுக்குள் கையை விட்டேன். மணிக்கட்டு வரை போனது. அதற்கு மேல் சுவர் இருந்தது.

"அக்கா, இதுக்குள்ளை என்ன வைச்சனீங்கள்?"

"ஒண்டும் வைக்கேல்லையே. ஈரல் பையையும் எடுத்துப்போட்டன்."

"ஐஸ் கிடக்கு."

"ஐஸோ? அதெப்பிடி? மூண்டு நாளாப் பிறிஜ்ஜுக்குள்ளை வைச்சனான். பஞ்சு மாதிரி இளகிக் கிடந்தது."

"நேற்று இரவு எங்கை இருந்தது?"

அக்கா மேலே பார்த்தார். நாங்கள் எல்லோரும் மேலே பார்த்தோம். பின்பல்கனிக் கைப்பிடியில் பனி மினுங்கியது.

"பிறிஜ்ஜுக்குள்ளை இடம் இல்லைத் தம்பி. ரோல்ஸ் ரெண்டு தட்டு, வட்டிலப்பம், கேக். ஆக்கள் வாற நாள். அதுதான் வெளியிலை வைச்சனான். கடவுள் தந்த பெரிய பிறிஜ் சும்மாதானே கிடக்கு?"

"அக்கா, நேற்று வெளியிலை மைனஸ் இருபது."

"அப்ப நல்லாத்தானே குளிர்ந்திருக்கும்? விடியக் காலமை எடுத்து ஹீற்றருக்குப் பக்கத்திலை வைச்சிட்டன்."

அதனால்தான் தோல் மெத்தென்று இருந்தது. "சரி, உள்ளுக்குத் தண்ணி எப்பிடி வந்தது?"

இப்போது அருள்நாதன் அண்ணை மனைவியைப் பார்த்தார். "மெற்றில்டா. கழுவினனியோ?"

"ஒருக்காத்தான்."

"தம்பி படிச்சுப் படிச்சுச் சொன்னவர் எல்லோ!"

"பேந்து? கழுவாத இறைச்சியை மனிசர் தின்னுவினமோ? வீட்டுக்காரிக்கு ஊத்தைக் கோழியைக் குடுக்கச் சொல்லுறியளோ? உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவிப்போட்டு, தம்பி சொன்ன மாதிரி தோலைத் துடைச்சனான். வயித்துக்குள்ளை துடைக்கச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லை."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் தோலைத்தான் சொன்னேன். அன்று காலை ரெலிபோனிலும் "இளகிவிட்டதா" என்றுதான் கேட்டேன், "இரவு எங்கே படுத்தது" என்று கேட்கவில்லை. தம்பிமாரே, நீங்கள் போகும் வீடுகளில் உங்களுக்குப் பொய் சொல்ல ஒருவரும் காத்திருக்கவில்லை. கேட்ட கேள்விக்குத்தான் பதில் வரும். ஆகவே கையை விட்டுப் பாருங்கள், அடுப்பை மூட்டுவதற்கு முதல்.

நான் குனிந்து காஸைப் பூட்டி நெருப்பை அணைத்தேன். பூட்டிய பிறகுதான் நிமிர்ந்தேன். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்: வாதாட வேண்டி வந்தால், நெருப்பை அணைத்துவிட்டு வாதாடுங்கள். எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் நின்று ஆட்களோடு கதைத்துக்கொண்டிருந்தால், அந்த நேரம் முழுவதும் எண்ணெய் தன்பாட்டுக்குச் சூடேறிக்கொண்டே இருக்கும்.

"ஏன் தம்பி பூட்டினீர்?" என்று அருள்நாதன் அண்ணை கேட்டார்.

"இதை எண்ணெயிலை இறக்க ஏலாது அண்ணை."

ஜெறோம் முன்னால் வந்தார். "ஐஸ் எண்டால் என்ன? தண்ணிதானே. எண்ணெய் சூடாக் கிடக்கு. சூட்டிலை ஐஸ் உருகும். இதுக்கு யூனிவசிற்றிக்குப் போகவேணுமே?"

"உருகும் அண்ணை. உருகி, ஆவியாகி, எண்ணெயையும் தூக்கிக்கொண்டு வெளியிலை வரும். கீழை நெருப்பு நிக்கும்."

"கொஞ்சம் பொங்கும். பால் பொங்கினால் நாங்கள் வீட்டை விட்டு ஓடுறமோ?"

முதலாளிக்கு ரெலிபோன் அடித்தேன். எடுத்தார். "அண்ணை, கோழிக்குள்ளை ஐஸ் கட்டி" என்றேன். அந்த நொடி பார்த்து அங்கே கெட்டிமேளம் தொடங்கியது. தவிலும் நாதஸ்வரமும் என் செல்போனுக்குள்ளிருந்து பின்முற்றம் முழுவதும் கேட்டன. "தாலி கட்டுறாங்கள், பேந்து எடு" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். கீழ்வீட்டு ஜன்னல் திரை இன்னும் கொஞ்சம் விலகியது.

அருள்நாதன் அண்ணை என் கையைப் பிடித்துக் கராஜ் பக்கம் கூட்டிப்போனார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் மெதுவாகக் கதைத்தார்.

"தம்பி, உமக்கு நிலைமை தெரியும். ஆண்டு முடியப் போகுது. வீட்டுக்காரி நாளைக்குக் கடிதம் தந்தால் ஜூலையிலை நான் பிள்ளையளையும் சாமானையும் தூக்கிக்கொண்டு எங்கை போறது? இந்த வாடகைக்கு இந்த ஊரிலை ஒரு கராஜும் கிடையாது. மகன் இப்ப வந்திடுவான். கோழி மேசைக்கு வராட்டி நான் என்னத்தை முன்னுக்கு வைச்சுக்கொண்டு கதைக்கிறது?"

எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும். என் அப்பாவைப் போலவே, மேலதிகாரி எவரையும் கண்டால் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்பவர். அவர் கேட்டு இல்லை என்று சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"அண்ணை," என்றேன், "கதைக்கிறதுக்கு முதல்லை வீடு நிக்கவேணும். நான் இதை எரிச்சுவிட்டால் அவ கடிதம் எழுதத் தேவையே வராது."

அவர் என் கையை விட்டார். அதற்குள் பின்னால் ஜெறோமின் குரல் கேட்டது.

"ரெண்டு பேரும் இஞ்சை பாருங்கோ, ஒண்டும் நடக்காது!"

திரும்பினேன். கோழியின் வயிற்றிலிருந்து உடைத்தெடுத்த ஒரு ஐஸ் துண்டு, பெருவிரல் அளவுதான், அவர் கையில் இருந்தது. "போடாதேங்கோ" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் போட்டுவிட்டார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஜெறோம் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சட்டிக்குள் யாரோ பெரிதாகத் தும்மியதுபோல ஒரு சத்தம். எண்ணெய் நுரைத்து எழுந்து, விளிம்பைத் தாண்டி, அடுப்பின் மேல் வழிந்து, சீமெந்தில் கிடந்த பனியில் விழுந்து சீறியது. ஒரு அலை பக்கவாட்டில் தெறித்து ஜெறோமின் வலது கைப்பக்கம் பட்டது. கனத்த ஜக்கெற், அதற்குள் கம்பளிச் சுவெற்றர். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் செம்மஞ்சள் துணி சூட்டில் உருகித் திறந்துகொண்டது. உள்ளே அடைத்திருந்த வாத்து இறகுகள் எல்லாம், இவ்வளவு நாளும் இதற்காகவே காத்திருந்ததுபோல, வெளியே வந்தன.

அவர் கையை உதறினார். இன்னும் வந்தன. முற்றம் முழுவதும் வெள்ளை இறகு மிதந்தது. மிதந்த இறகுகள் ஆறுதலாக இறங்கி, தட்டில் படுத்திருந்த வான்கோழியின் நெஞ்சில் படிந்தன. ஆலையில் அவ்வளவு பாடுபட்டுப் பிடுங்கியதெல்லாம் திரும்ப முளைத்துவிட்டது. மெற்றில்டா அக்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

நான் சிரிக்கவில்லை. வழிந்த எண்ணெய் அணைந்த அடுப்பின் வாய்க்குள் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெருவிரல் அளவு ஐஸுக்கு இது. கோழிக்குள் இருந்தது ஒரு செங்கல் அளவு. அடுப்பும் எரிந்திருந்தால்? ஜெறோமும் அதையேதான் யோசித்திருக்க வேண்டும். ஜக்கெற்றின் கிழிந்த கையை மறுகையால் பொத்திக்கொண்டு, "தம்பி, நீர் சொன்னது சரி" என்றார். ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவர் வாயால் நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது.

கீழ்வீட்டுக் கதவு திறந்தது. மடாம் கார்மேலா வீட்டுச் செருப்போடு, காலமான கணவருடைய நீண்ட கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். ஒருவரையும் பார்க்கவில்லை. நேரே கோழியிடம் போய், இறகை விலக்கி, வயிற்றுக்குள் கையை விட்டார். கையை எடுத்தார். ஐஸ் ஒட்டிய விரல்களைப் பார்த்தார். பிறகு என்னிடம், இத்தாலிய வாடை அடிக்கும் பிரெஞ்சில், என்ன நடக்கிறது என்று கேட்டார். அங்கே பிரெஞ்சு ஒழுங்காகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"ஐஸ் கதையைச் சொல்லாதையும்," என்று அண்ணை காதுக்குள் சொன்னார். "எங்கடை சமையல் முறை எண்டு சொல்லும்."

கையில் ஐஸோடு நிற்கும் மனிசியிடம் நான் எதைச் சொல்வது? உள்ளதைச் சொன்னேன்.

"ஏன் அவண் அடுப்பில் வைக்கவில்லை?" என்று கேட்டார் மடாம்.

மொழிபெயர்த்தேன். மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் அக்காதான் சொன்னார். "வேலை செய்யாது எண்டு சொல்லுங்கோ. மூண்டு வருசம்."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சொன்னால் திருத்திப்போட்டு வாடகையைக் கூட்டுவா எண்டு." அக்கா திடுக்கிட்டார். "ஐயோ தம்பி, அதைச் சொல்லாதேங்கோ!"

ஆனால் நான் பாதி சொல்லிவிட்டேன். மீதியை நிறுத்தினால் இன்னும் கேவலம். முழுவதையும் சொன்னேன். மடாம் தட்டைத் தூக்கிக்கொண்டு தன் சமையலறைக்குள் போய்விட்டார். போகும்போது "பஸ்தா" என்றது மட்டும் கேட்டது. போதும் என்று பொருள். எது போதும் என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

அவர் இறகுகளைத் துடைத்துவிட்டுத் தன் அவணுக்குள் அதை வைத்தார். எண்ணெய்க்குள் வெடிகுண்டாகி இருக்கக்கூடிய அதே ஐஸ், அவணுக்குள் வெறும் தண்ணீராக உருகித் தட்டில் விழும். நேரம்தான் கூடப் போகும். போனது. மதியச் சாப்பாட்டுக்கு என்று கூடியவர்கள் எல்லோரும் பின்னேரம் வரை மடாமின் சமையலறையில் உட்கார்ந்திருக்க வேண்டி வந்தது.

இதற்கிடையில் மகன் டோனியும் வந்துவிட்டான். பசித்த வெள்ளைக்காரனுக்கு எதைக் கொடுப்பது? அக்காவுக்கு ரோல்ஸ் நினைவுக்கு வந்தது. கோழியை வெளியே துரத்திவிட்டுப் பிறிஜ்ஜில் இடம் பிடித்திருந்த அதே மீன் ரோல்ஸ். பிரட் தூள் போட்டுப் புரட்டி, காய்ந்த தோலோடு, பொரிக்கத் தயாராக இருந்தன. நான் அடுப்பையும் தரையையும் துடைத்து, சட்டி சமமாக நிற்கிறதா என்று பார்த்து, மறுபடி மூட்டி, கம்பிக் கூடையில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். ஒவ்வொரு ரோல்ஸையும் கையால் தொட்டுப் பார்த்துத்தான் இறக்கினேன். ஜெறோம் பக்கத்தில் நின்று, "இதுக்குள்ளை ஐஸ் இல்லைத்தானே?" என்று ஒவ்வொரு கூடைக்கும் கேட்டார்.

சமையலறையில் எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். டோனி வாய் நிறைய ரோல்ஸோடு நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினான். அண்ணை தைரியத்தை எல்லாம் திரட்டி, "மேல்வீட்டுக்கு எப்ப வாறார் எண்டு கேளும்" என்றார். கேட்டேன்.

டோனி மெல்லுவதை நிறுத்தினான். "எந்த மேல்வீடு?"

தாயைப் பார்த்தான். தாய் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். தனக்கு லவாலில் வீடு இருக்கிறது, அம்மாவின் தலைக்கு மேல் குடியிருப்பதைவிடத் தன் மனைவி காருக்குள் படுப்பாள் என்று டோனி சொன்னான். மடாம் ஒரு சுளையை ஆறுதலாகத் தின்றார்.

"ஒன்பது வருடமாக ஒரே வாடகை," என்றார் கடைசியில். "வரி ஏறுகிறது. எப்படிக் கேட்பது? இவர்கள் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு படியேறி ஓடுகிறார்கள். ஒருநாளாவது நின்று கதைத்தார்களா? மகன் வருகிறான் என்றாவது சொன்னால் நிற்பார்கள் என்று பார்த்தேன்."

நான் மொழிபெயர்த்தேன். அண்ணை திகைத்துப்போய், "அப்ப எங்கடை சமையல் வாசம்?" என்று கேட்கச் சொன்னார்.

"எனக்கு மூக்கு அடைத்துப் பத்து வருடம்," என்றார் மடாம். "எதுவும் மணக்காது. கைக்குட்டை இல்லாமல் வெளியே வர முடியாது."

ஒன்பது குளிர்காலம் திறந்து கிடந்த ஜன்னலை அக்கா நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். ஹீற்றருக்கான மின்சாரக் கட்டணம் அவர் பெயரில்தான் வந்தது.

"சரி, எவ்வளவு வேணுமாம்?" என்றார் அக்கா. குரல் மாறிவிட்டது. சந்தையில் மீன்காரனுக்கு முன்னால் நிற்கும் குரல்.

மாதம் நூறு டொலர் கூட்ட வேண்டும் என்றார் மடாம். அக்கா தொடங்கினார். அவணைச் சொன்னார், கசியும் குழாயைச் சொன்னார், பிள்ளைகள் இரண்டையும் சொன்னார், புருஷன் விமானத்துக்குள் முழங்காலில் நின்று கம்பளம் துடைப்பதைச் செய்தே காட்டினார், கடைசியில் அந்தோனியாரையும் சாட்சிக்குக் கூப்பிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அதிகம் என்கிறார்," என்றேன் நான் பிரெஞ்சில்.

"இவ்வளவு நேரமும் அதைத்தானா சொன்னாள்?"

"அந்தோனியாருக்கும் தெரியும் என்கிறார்."

மடாம் முதல் தடவையாகச் சிரித்தார். தட்டை இழுத்து இன்னொரு ரோல்ஸ் எடுத்தார். எண்பது என்றார். அக்கா பத்து என்றார். டோனி தாயிடம் ஏதோ முணுமுணுத்தான். அறுபது. நான் வெளியே போய் அடுத்த கூடை பொரித்துக்கொண்டு வந்தேன். நான் திரும்பி வந்தபோது ஐம்பதில் நின்றது. இருவரும் எனக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் ஆளையாள் திட்டுவதற்கும் நான் தேவைப்பட்டேன். கடைசியில் புதிய அவண் அடுப்பு ஒன்று மடாம் வாங்கிப் பூட்டுவது, குழாயைத் திருத்துவது, மேல்வீட்டை யாரும் கேட்பதில்லை என்று முடிவானது. தொகைக்கு இரண்டு பெண்களும் கைகொடுத்துக்கொண்டார்கள். அண்ணை எழுந்து ஜன்னலருகே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கைக்குட்டையை எடுத்தார். ஒருவரும் அதைக் காணாததுபோல இருந்தோம்.

இருட்டின பிறகு வான்கோழி வந்தது. நெஞ்சுப் பகுதி பலகையாகக் காய்ந்திருந்தது. உப்புச் சப்பில்லை. எல்லோரும் நல்லது நல்லது என்று சாப்பிட்டோம். அக்கா கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் எடுத்துத் தன் துண்டில் போட்டார். மடாம் கையை நீட்டித் தனக்கும் வாங்கிக்கொண்டார்.

தம்பிமாரே, நான் அன்று கெட்டிக்காரத்தனமாக ஒன்றும் செய்யவில்லை. ஒரு திருகைத் திருகிப் பூட்டினேன். அதன் பிறகு மூன்று பேர் என் மேல் கோபமாக இருந்ததைப் பொறுத்துக்கொண்டேன். நம் வேலையில் இரண்டாவதுதான் கடினம், அதற்குத்தான் உங்களைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும். உங்களைக் கூப்பிடும் வீட்டில் அந்தக் கோழியை நம்பி என்ன காத்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. சம்பந்தம் பேசுவார்கள், கோபித்த அண்ணன் தம்பி ஒன்றுசேருவார்கள், வீட்டுக்காரி வருவாள். எதுவானாலும் அது எண்ணெய்க்குத் தெரியாது.

அருள்நாதன் அண்ணை இன்னும் அதே மேல்மாடியில்தான் இருக்கிறார். அந்த ஜூலையிலிருந்து கூடக் கட்டும் பணத்தை அவர் வாடகை என்று சொல்வதே இல்லை. "வான்கோழிக்குக் கட்டுறம்" என்பார். மாதம் முப்பத்தைந்து டொலர்.